லக்ஷபானவிலிருந்து மன்னார் வரை: ஓர் அனுமதிப்பத்திரத்தின் கதை

1918ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில் டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் ஒரு கட்டுரை படித்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையினின்றும் விழுந்தோடுகின்றன. அவ்வீழ்ச்சியை மின்சாரமாக்கினால் ஆலைகளை இயக்கலாம், புகையிரதங்களையும் ஓட்டலாம் என்பது அவர் கூற்று. இது வெறுங் கனவன்று. நுவரெலியா நகருக்கு ஒளி தரும்பொருட்டு, நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அமைத்துக் காட்டியவர் அவர். எனினும் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேயாம். இடையிற் கழிந்தவை 32 ஆண்டுகள்.

அத்தனை காலமும் கோவைகள் உறங்கின என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கோவை தானாக உறங்குவதில்லை. அதனை உறங்கவைப்போர் உளர். 1920களில் தொடங்கப்பெற்ற வேலை நிதியில்லையென்று நிறுத்தப்பட்டது. ஆனால் 1929இல் கொழும்பையடுத்த கொலன்னாவையிலே, தேசாதிபதி ஸ்ரான்லியின் பெயர் தாங்கி ஓர் அனல்மின் நிலையம் எழுந்தது. அதற்கு நிதி இருந்தது போலும்! விமலசுரேந்திரா அரசாங்க சேவையை விட்டு விலகி, 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்று, பொறியியலாளராக இருந்து பெற முடியாத அனுமதியை மக்கள் பிரதிநிதியாக நின்று வாதாடினார். 25 மெகாவாற் ஆற்றலோடு லக்ஷபான இயங்கி மூன்றாண்டுகளின்பின், 1953இல், அவர் காலமானார்.

இவ்வரலாற்றின் ஓரத்தில் இன்னொன்றும் உண்டு. அரசாங்கம் தயங்கிநின்ற அதே காலத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் சுழன்றன. தோட்டத்து ஓடையின் நீர் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை ஓட்டியது. துரைமாருடைய தொழிற்சாலை அவ்வாறு இயங்க, அக்கொழுந்தைப் பறித்தவளுடைய லயத்துக் காம்பரா தலைமுறை தலைமுறையாகக் குப்பிவிளக்கோடு கிடந்தது. நீர் ஒன்றே, மலையும் ஒன்றே. எவருக்கு எது தாமதம் என்பது வேறு வேறு. இன்று புதுப்பிக்கத்தக்க சக்திக்கான அனுமதிகளை விரைவுபடுத்துக என்னுங் குரல் எங்கும் எழும்போது, எமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குப்பிவிளக்கே.

1990களில் 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட சிறு நிலையங்களைத் தனியாரும் அமைத்து மின்சார சபைக்கு விற்கலாம் என்ற ஒழுங்கு வந்தது. நியம ஒப்பந்தமொன்று இருந்தமையால் ஒவ்வொரு நிலையத்துக்கும் புதிதாகப் பேரம் பேசவேண்டியதில்லை. இது நல்ல சீர்திருத்தம் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின்னர் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையை நிறுவியது. விண்ணப்பகாரர் முதலில் தற்காலிக அங்கீகாரம் பெறுவார். பின் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலகம், காணி, வனம், வனசீவராசிகள் என்று ஒவ்வொரு வாயிலாகச் சென்று சம்மதங்களைச் சேர்ப்பார். ஈற்றில் 20 ஆண்டுக்கான சக்தி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். ஒரே வாயிலில் எல்லாம் முடியும் என்பது எதிர்பார்ப்பு. வாயில்கள் குறையவில்லை, அவற்றின் முன்னே இன்னொரு வாயில் கட்டப்பட்டது என்பதே விண்ணப்பகாரர்கள் நெடுநாளாகக் கூறிவரும் முறைப்பாடு. அதில் உண்மையுண்டு. ஒரே காணிப்படத்தை ஐந்து மேசைகளில் ஐந்து முறை கொடுப்பதால் ஒரு மரமும் பிழைப்பதில்லை, ஒரு மீனும் பிழைப்பதில்லை. இந்தத் தாமதத்தை ஒழிப்பதற்கு நாம் முழுமனதோடு உடன்படுகிறோம்.

ஆயினும் 2022இல் ஒழிக்கப்பட்டது அத்தாமதமன்று. அவ்வாண்டு பங்குனி மாத முடிவில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நிலவியது. எம் மாணவர் மெழுகுதிரியில் படித்தனர். விரைவு வேண்டும் என்று சொல்ல அதைவிட வாய்ப்பான வேளை எது? ஆனி மாதத்திற் பாராளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தியது. புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டங்களுக்குப் போட்டிமுறைக் கேள்விப்பத்திரம் கட்டாயம் என்ற தடை தளர்ந்தது. 10 மெகாவாற்றுக்கு மேற்பட்டவையேனும் போட்டிக்கு விடப்படல் வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, கேட்டது கிடைக்கவில்லை. மேசைகளுக்கிடையே காகிதம் அலைவது அப்படியே இருக்க, பொதுமக்கள் கணக்குக் கேட்கக்கூடிய ஒரு படியே அகன்றது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகளை அமைக்கக் கேள்விப்பத்திரமின்றி முன்வந்த அதானி நிறுவனத்தின் மின்சாரத்தை, அலகொன்று 8.26 அமெரிக்கச் சதமாக 20 ஆண்டுகளுக்கு வாங்க 2024இல் அமைச்சரவை இணங்கியது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. புதிய அரசாங்கம் விலையை மீண்டும் ஆராயத் தலைப்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. குறுக்குவழியே நெடுவழியாயிற்று.

மன்னார்த் தீவுக்குக் காற்றாலை புதிதன்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் மின்சார சபை அமைத்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் 2020 மார்கழியில் திறக்கப்பட்டன. அரசுடைமையான நிலையம், இடதுசாரிகளாகிய நாம் மகிழ வேண்டியதே. ஆயினும் தீவு தாழ்ந்த மணற்றரை. கண்டந் தாண்டிவரும் பறவைகள் தங்குமிடம். கரைவலை இழுப்போரின் வாடிகள் நிறைந்த கரை. மழைநீர் வடியாது குடிமனைகளிற் தேங்குகின்றது என்றும், கரையோரத்தில் மீன்பாடு குறைந்தது என்றும் மக்கள் முறையிட்டனர். அம்முறைப்பாடுகள் முழுவதும் காற்றாலையாலே விளைந்தனவா என்பது ஆராயப்பட வேண்டியது. ஆராய்வதற்கெனச் சட்டத்திலும் ஓரிடமுண்டு: பெருந் திட்டமொன்றின் சுற்றாடல் மதிப்பீட்டறிக்கை 30 வேலைநாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கடலுக்குப் போகும் மனிதன் பல நூறு பக்கத்தைப் பார்த்துக் கருத்தெழுத அதுவே அவகாசம். அதற்கு முன்பே இடம் குறிக்கப்பட்டு, தற்காலிக அங்கீகாரமும் வழங்கப்பட்டிருக்கும்.

விரைவு வேண்டுமாயின் அவனிடம் கேட்பதை வரிசையின் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பது எம் கருத்து. எவ்விடத்திற் காற்றாலை வேண்டாம், எவ்விடத்தில் வைக்கலாம் என்பதை ஊரோடிருந்து முன்னரே குறித்துவிட்டால், விண்ணப்பகாரருக்கும் வீண் அலைச்சல் இல்லை. இதற்குப் புதுச் சட்டங்கூடத் தேவையில்லை. படமும் பொறுமையும் போதும்.

2025 ஆவணியில் அடுத்த தொகுதிக் காற்றாலைகளின் பாகங்களை ஏற்றிய பாரவண்டிகள் தீவுக்கு வந்தபோது மக்கள் வீதியில் இறங்கி மறித்தனர். சனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். புரட்டாதி இறுதியில் வண்டிகள் மீண்டும் வந்தன, பொலிசாருடன் மோதல் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். மாரி தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தன. இவ்வருட வெள்ளம் எவ்வழியால் வடியும் என்பதே வீதியில் நின்றோர் கேட்ட கேள்விகளில் ஒன்று.