மார்த்தாண்டத்தில் சொன்ன வைக்கம்

2007-இல் ‘பெரியார்’ படம் வந்து சில மாதங்கள் கழித்து, குழித்துறையில் எங்கள் வீட்டில் சி.டி. போட்டுப் பார்த்தோம். பாட்டாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சினிமா என்றாலே தூக்கம் வரும். ஆனால் வைக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பகுதி முடிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“மக்களே, நம்ம நாயுடு டாக்டரு எங்க?”

எனக்கு எரிச்சல். நான் அப்போது பெரியாரைப் புதிதாக வாசிக்க ஆரம்பித்திருந்த காலம். “இது பெரியார் படம் பாட்டா” என்றேன். அவர் விடவில்லை. “படம் அவருக்க படம், சரி. வைக்கம் அவருக்க மட்டுமா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நாயுடு டாக்டர் யார் என்றே எனக்குத் தெரியாது. பாட்டா திருவிதாங்கூர் பிரஜையாகப் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய வைக்கத்தில் டி.கே. மாதவன், கேளப்பன், மன்னத்து பத்மநாபன், நாயுடு டாக்டர் எல்லாம் இருந்தார்கள். நான் 1956 நவம்பர் 1-க்குப் பிறகு தமிழ்நாடான குமரி மாவட்டத்தில், தமிழ்ப் பாடநூலில் படித்தவன். என் வைக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு வைக்கம்! இந்தக் குறிப்பு அந்த இரண்டையும் பற்றியது.

முதலில் படம். 2007 மே 1 அன்று வெளியானது. இயக்கியவர் ஞான ராஜசேகரன், ‘மோகமுள்’, ‘பாரதி’ எடுத்தவர். கேரளத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும், வைக்கம் அவருக்கு அந்நியமான ஊர் இல்லை. சத்யராஜ் பெரியாராகவும், ஜோதிர்மயி நாகம்மையாகவும், குஷ்பு மணியம்மையாகவும் நடித்தார்கள். தமிழ்நாடு அரசு 95 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதனாலேயே படம் வருமுன்பே சண்டை வந்துவிட்டது. கடவுள் இல்லை என்று சொன்னவரின் கதைக்கு எல்லாருடைய வரிப்பணமுமா என்று ஒரு தரப்பு, சமூகநீதிக்குச் செலவழிக்காமல் வேறு எதற்குச் செலவழிப்பது என்று இன்னொரு தரப்பு. பிறகு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

சத்யராஜ் அதில் நன்றாகத்தான் செய்திருக்கிறார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘இருவர்’ மாதிரி பெயரை மாற்றி வைத்துக்கொண்டு ‘கற்பனைக் கதை’ என்று தப்பித்துக்கொள்ளாமல், ராஜாஜியை ராஜாஜி என்றும் அண்ணாவை அண்ணா என்றும் சொல்லி எடுத்த துணிச்சலையும் மெச்ச வேண்டும். ஆனால் 94 வருஷம் வாழ்ந்த ஒரு மனிதரை ஒரு ராத்திரியில் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் எதையாவது தள்ளித்தான் ஆக வேண்டும். அப்படித் தள்ளும்போது முதலில் போவது பக்கத்தில் நின்றவர்கள்.

இனி வைக்கம். தெரிந்த கதைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கக் கூடாது. 1924 மார்ச் 30-இல் குஞ்ஞாப்பி என்ற புலையர், பாகுலேயன் என்ற ஈழவர், கோவிந்தப் பணிக்கர் என்ற நாயர், மூன்று பேரும் சேர்ந்து நடந்து கைதானார்கள். சத்தியாகிரகம் அப்படித் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனோன் எல்லாரும் சில நாட்களுக்குள் சிறைக்குப் போய்விட, நடத்த ஆளில்லாமல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ஈ.வெ. ராமசாமி நாயக்கருக்குக் கடிதம் போனது. ஏப்ரல் 13-இல் அவர் வைக்கத்தில் இருந்தார். நாகம்மையும் போய்ப் பெண்களைத் திரட்டிப் போராடினார். பழ. அதியமான் ‘வைக்கம் போராட்டம்’ நூலில் (2020) ஆவணங்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்: மொத்தம் 141 நாட்கள், அதில் 74 நாட்கள் சிறையில். இரண்டு முறை கைது. முதலில் அருவிக்குத்தி, பிறகு திருவனந்தபுரம் மத்திய சிறை.

‘பெரியார் சும்மா வந்து போனவர்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்த 74 நாள் போதும். அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு, அது தமிழில் எழுதப்பட்டதல்ல. அதே திருவனந்தபுரம் சிறையில் அரசியல் கைதியாக இருந்த கேசவ மேனோன், ‘பந்தனத்தில் நின்னு’ என்ற மலையாள நூலில் எழுதியிருக்கிறார். தங்களுக்குக் கிடைத்த வசதி எதுவும் ராமசாமி நாயக்கருக்கு இல்லை, காலில் விலங்கு, தலையில் கைதிக் குல்லாய், முழங்கால் அளவு வேட்டி, கழுத்தில் எண் எழுதிய மரப்பட்டை, கொலை கொள்ளைக் குற்றவாளிகளோடு வேலை. உயர்ந்த நிலையில் இருந்த ஒருவர் வேற்றுநாட்டு மக்களுக்காக இந்தப் பாடு படுகிறாரே என்ற வியப்பு மேனோனின் எழுத்தில் இருக்கிறது. பூஜப்புரையில் இருக்கும் அந்தச் சிறைக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை.

சரி, அப்படியானால் பாட்டாவின் கேள்வி தப்பா? இல்லை. இங்கேதான் எங்கள் ஊர் கதைக்குள் வருகிறது.

தமிழில் வைக்கம் பற்றி மேடையில் கேட்பது, பாடநூலில் படிப்பது, சினிமாவில் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஒரு பேச்சில் போய் நிற்போம். 1958 டிசம்பர் கடைசியில் பெரியார் குமரி மாவட்டத்தில் பேசியது, 1959 ஜனவரியில் ‘விடுதலை’யில் வந்தது. பேசிய இடங்களில் ஒன்று மார்த்தாண்டம். குழித்துறை ஆற்றுப் பாலத்துக்கு அந்தக் கரை! பழைய ஆட்கள் தொடுவெட்டி என்பார்களே, அதே சந்தை ஊர். இதை முதன்முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தமிழ்நாடு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை, நான் மீன் வாங்கப் போகிற இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தப் பேச்சு அருமையான பேச்சு. கடிதம் வந்தபோது தான் சுற்றுப்பயணத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்தது, ராஜா டெல்லி போகும்போது ஈரோட்டில் தன் பங்களாவில் தங்கிய பழக்கத்தினால் தனக்கு அதிகாரிகள் வரவேற்புக் கொடுத்தது, ‘நமக்கு வேண்டியவர்’ என்று சில நாள் கைது செய்யாமல் விட்டது, நம்பூதிரிகள் சத்ரு சம்ஹார யாகம் நடத்தியது, ஆனால் இறந்தது ராஜாவாக இருந்தது, இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் போகும். சினிமாவுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஆனால் அது நடந்து 34 வருஷம் கழித்து, 79 வயதில், பேப்பர் எதுவும் கையில் இல்லாமல் சொன்ன நினைவு. ஆவணத்தோடு வைத்துப் பார்த்தால் சில இடம் அச்சாகப் பொருந்தும். மூலம் திருநாள் மகாராஜா இறந்தது 1924 ஆகஸ்ட் 7, அதே மாதக் கடைசியை ஒட்டிச் சத்தியாகிரகிகள் விடுதலை ஆனது, இதெல்லாம் அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது. யாகம் அவர் வாய்மொழி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெரியாரே, ‘நான் சொல்வதற்காக நம்பாதே’ என்று ஊர் ஊராகச் சொன்னவர்தானே.

அது யாரிடம் சொன்ன பேச்சு என்பதையும் பார்க்க வேண்டும். குமரி, தமிழ்நாட்டோடு சேர்ந்து இரண்டே வருஷம். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது திருவிதாங்கூர் ராஜ்யம் நேரடி அனுபவம். வைக்கத்தில் இருந்த அதே தடை சுசீந்திரம் தேர்வீதியிலும் இருந்ததைப் பார்த்தவர்கள். காங்கிரஸ் மேடைகளில் தீண்டாமை ஒழிப்பு என்றாலே காந்தி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் வேறு. ‘அதில் என் பங்கு இது, கேளுங்கள்’ என்று ஒருவர் வந்து சொல்கிறார். அது ஒரு வாதம், தன் தரப்பை எடுத்துவைக்கும் பேச்சு. அந்தக் கூட்டத்தில் அவர் நாயுடு டாக்டரைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, இந்த ஊர்க்காரர்களுக்கு அவரைத் தெரியும். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், நமக்குத் தெரியாது. அந்த வாதத்தை ஐம்பது வருஷம் கழித்து எடுத்துக் காட்சியாக்கும்போது, கேட்டவர்களின் தலைக்குள் இருந்த மீதிக் கதை கேமராவுக்குள் வராது.

அந்த மீதிக் கதை என்ன? டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு, நாகர்கோவில்காரர், காங்கிரஸ்காரர். 1924 நவம்பரில் காந்தியின் யோசனைப்படி, தெருவைத் திறந்துவிடச் சொல்லி மேல்சாதியினரே திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒரு ஜாதா. தெற்கே சுசீந்திரத்திலிருந்து நாயுடு டாக்டர் தலைமையில் இன்னொன்று. இரண்டும் திருவனந்தபுரத்தில் சேர்ந்து, 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேல்சாதியினர் கையெழுத்திட்ட மனு ஒன்று அரசப் பிரதிநிதியாக இருந்த சேது லட்சுமி பாயிடம் கொடுக்கப்பட்டது. சட்டசபைக்கும் ஒரு தீர்மானம் வந்தது. 1925 பிப்ரவரி 7-இல் ஓட்டெடுப்பு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஓட்டு! எந்த சினிமாக்காரரும் விடக்கூடாத காட்சி. ஆனால் அந்தச் சபைக்குள் பெரியார் இல்லை, ஆகவே பெரியார் படத்தில் அதற்கு இடமும் இல்லை.

மார்ச்சில் காந்தி வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது. நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. அந்த மாதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1925 நவம்பர் 22-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்று பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறுகிறார். ஒரு வாரம் கழித்து 29-ஆம் தேதி, காங்கிரஸ் தொடங்கிய வைக்கம் போராட்டத்தின் வெற்றிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். அவரை ஓரங்கட்ட நினைக்கிறவர்கள் இந்த 29-ஆம் தேதியைத் தாண்டிப் போக முடியாது. சும்மா வந்து போனவரைக் கூப்பிட்டு யாரும் வெற்றிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்ல மாட்டார்கள். அதுவும் கட்சியை விட்டுப் போனவரை.

நாயுடு டாக்டர் அதோடு நிற்கவில்லை. 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கினார். எங்கள் மாவட்டத்தின் வைக்கம் அதுதான். இன்று சுசீந்திரம் போகிறவர்களுக்குத் தாணுமாலயனும் பெரிய அனுமாரும் தெரியும், சத்தியாகிரகம் தெரியாது. அதே நாகர்கோவிலில் வக்கீலாக இருந்த பி. சிதம்பரம் பிள்ளை, கோயில் நுழைவு உரிமைக்குச் சட்ட ஆதாரங்களைத் திரட்டி 1933-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று. இவர்களில் யாருக்கும் படம் கிடையாது.

இது பெரியார் படத்தின் குற்றம் மட்டுமில்லை. அட்டன்பரோவின் ‘காந்தி’யில் (1982) அம்பேத்கர் கிடையாது. காந்தியும் அம்பேத்கரும் இல்லாத 1932-ஐ நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தக் குறையை நிரப்ப ஜப்பார் பட்டேல் அம்பேத்கரை வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது, மம்மூட்டி நடித்து 2000-இல் வந்தது. ஒரு தலைவர் படத்தில் விட்டுப்போனவரைப் பார்க்க இன்னொரு தலைவர் படத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நாயுடு டாக்டர் மாதிரி ஆட்கள் எந்தப் படத்துக்குப் போவார்கள்?

வைக்கத்தை வைத்து இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் எனக்குப் பாட்டா நினைவுதான் வரும். ஒருவர் பெரியாரைத் தவிர யாருமில்லை என்கிறார், இன்னொருவர் பெரியாரே இல்லை என்கிறார். இரண்டு பேரும் பாலத்தின் ஒரு கரையில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். 2024 டிசம்பரில் வைக்கத்தில் புதுப்பித்த பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் சேர்ந்து திறந்தார்கள். பாட்டா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கூடவே நாயுடு டாக்டரையும் கேட்டிருப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1958-இல் மார்த்தாண்டத்தில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருக்கிறார்களா? அப்போது பத்து வயது என்றாலும் இப்போது எண்பதை நெருங்கியிருப்பார்கள். மேடை எந்த இடத்தில் போட்டிருந்தார்கள், கூட்டம் எவ்வளவு, ராஜா பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பழைய ஆட்கள் சிரித்தார்களா, முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா? அச்சில் வந்த பேச்சில் அது இல்லை. பாட்டாவிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அவர் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாரா என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.