புகையாத தூபக்கால்

ஜப்பானியப் பீங்கான் தூபக்காலை அழகுப்பொருளாக மட்டும் காண்பது, வீணையை அதன் தச்சுவேலைக்காக மட்டும் பாராட்டுவதைப் போன்றது. 'கோரோ' எனப்படும் அக்கலம் ஒரு கருவி. மணம் நுகர்வதற்கென்றே அமைந்த சிறு கோரோவில் சாம்பலை நிரப்பி, உள்ளே கனன்ற கரித்துண்டைப் புதைப்பர். சாம்பலைக் கூம்பாகக் குவித்து, உச்சியில் காற்றுக்கு ஒரு துளையிட்டு, அதன்மேல் மெல்லிய அப்பிரகத் தகட்டை வைப்பர். தகட்டின்மீது ஒரு சிறு அகில் சீவல். அது எரிவதில்லை, சூடேறி மணக்கிறது. கலத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் மூடி, விரலிடுக்கில் வரும் மணத்தை நுகர்வர். இச்செயலுக்கு ஜப்பானியர் வழங்கும் சொல் 'கேட்டல்'. மூங்கில் குச்சியில் தானே எரிந்து வீட்டையே நிறைக்கும் நம் ஊதுவத்தி வேறொரு மரபினது.

அரித்தாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீங்கான் வனைதல் வேரூன்றியது. மெருகேறிய பீங்கானில் மணம் ஊறாது. நேற்றைய கட்டையின் வாசம் இன்றைய கட்டையோடு கலவாது. ஓவியத்தைவிட இதுவே அதன் பெருஞ்சிறப்பு என்பேன்.

அதில் இடும் கட்டைகள் எங்கிருந்து வந்தன? ஜப்பானிய மரபு அகிலை ஆறு நாட்டுப் பெயர்களால் வகைப்படுத்துகிறது. அவற்றுள் 'மனபன்' என்பது மலபாரைக் குறிப்பதாகக் கூறுவர். இதைக் கண்டவுடன் மலபார்க் காட்டு அகில் ஜப்பான் சென்றதென்று எழுதிவிடுகிறோம் (சமூக ஊடகங்களில் இது மிகுதி). துறைமுகத்தின் பெயர் காட்டின் பெயராகிவிடாது. ஹோர்யூ-ஜி கோயிலில் இருந்த இரு சந்தனக் கட்டைகளையே பாருங்கள். ஒவ்வொன்றிலும் பாரசீகத்தின் பகலவி எழுத்து செதுக்கப்பட்டுள்ளது. சோக்தியச் சூட்டுக்குறியும் உண்டு. மையெழுத்தில் 761ஆம் ஆண்டுக் குறிப்பும் காணப்படுகிறது. மரத்தின் மீது பதிந்திருப்பவை வணிகர் கைகளே. அது வளர்ந்த காட்டைப் பற்றி அவ்வெழுத்துகள் வாய்திறப்பதில்லை.

காட்டின் பெயர் சரக்கோடு ஒட்டிக்கொண்டே பயணித்தது பிற்காலத்தில். முதல் உலகப்போரால் மைசூர்ச் சந்தனக்கட்டையின் ஏற்றுமதி தடைப்பட்டது. 1916இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ஆகிய வேதியியலாளர்கள் அதிலிருந்து எண்ணெய் வடித்தனர். அதன்பின் வெளிநாடு சென்ற புட்டிகளில் 'மைசூர்' என்ற பெயரும் உடன் சென்றது.