மட்டாஞ்சேரியின் உள்ளாட்சி வரலாறு

16ஆம் நூற்றாண்டில் கொச்சி மன்னர் தம் அரண்மனையருகே அளித்த நிலத்தில் குடியேறி, 1568இல் பரதேசி ஜெபாலயத்தை எழுப்பிய மட்டாஞ்சேரி யூதர்கள், மன்னரின் ஒப்புதல் பெற்ற ‘முதலியார்’ எனும் சமூகத் தலைவரின் கீழ் உள்வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்டனர். கொடுங்குற்றங்கள் மட்டுமே மன்னரிடம் சென்றன. பின்னாளில், பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியிலிருந்த கோட்டைக் கொச்சி 1866இல் நகராட்சியாகிவிட, மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானத்திலேயே நீடித்ததால், ஒட்டிக்கிடந்த இரு குடியிருப்புகளை இரு வேறு அரசுகளின் சட்டங்கள் ஆண்டன. வணிகருக்கு வசதியாகவும் வரி தண்டுவோருக்குத் தலைவலியாகவும் இருந்திருக்கக்கூடிய இப்பிளவு, 1956இல் கேரள மாநிலம் உருவானபோதுதான் முற்றிலும் நீங்கியது. 1967 நவம்பர் 1 அன்று மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகளும், பள்ளுருத்தி போன்ற சிற்றூர்ப் பஞ்சாயத்துகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி அமைந்தது.