போர்க்கள மடல்கள் காப்பகம் சேர்ந்த வழிகள்: அமெரிக்க உள்நாட்டுப் போரை முன்வைத்து

முன்னுரை

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் தென் கரோலினாவின் சம்டர் கோட்டையில் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 வரை நீடித்தது. இப்போரில் மாண்டோர் ஏறத்தாழ 6,20,000 பேர் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கணக்காகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களைக் கொண்டு டேவிட் ஹேக்கர் 2011இல் அத்தொகையை ஏறத்தாழ 7,50,000 என மதிப்பிட்டார். இப்பேரழிவினூடே படைவீரர்கள் எழுதிய மடல்களும் நாட்குறிப்புகளும் அமெரிக்கக் காப்பகங்களில் பெருந்தொகையாகப் பேணப்பட்டு வருகின்றன. அவை என்ன கூறுகின்றன என்பது பலராலும் ஆராயப்பட்டுள்ளது. அவை எவ்வழியே காப்பகத்தை வந்தடைந்தன என்பதும் அவற்றின் பொருளோடு பிரிக்கவியலாத தொடர்புடையது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடல்கள் பெருகிய சூழல்

இருதரப்பு வெள்ளையினப் படைவீரர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். அஞ்சல் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தாமல், பெறுவோர் செலுத்தும் வகையில் மடல் அனுப்பும் சலுகையும் அவர்களுக்கு 1861இல் வழங்கப்பட்டது. எழுத இயலாத நிலையில் கிடந்தோர்க்குப் பிறர் எழுதித் தந்தனர். பாரதியார் போற்றிய கவிஞர் வால்ட் விட்மன், வாசிங்டன் மருத்துவமனைகளில் காயமுற்றுக் கிடந்த வீரர்களுக்காக இப்பணியைச் செய்தார்.

இம்மடல்கள் படைத்துறைத் தணிக்கைக்கு ஆட்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பியக் களத்தில் நின்ற இந்திய வீரர்களின் மடல்கள், பெரும்பாலும் தணிக்கையாளர் பெயர்த்தெழுதிய பகுதிகளாகவே இன்று எஞ்சியுள்ளன. அதனோடு ஒப்பிட, அமெரிக்க வீரர்களின் மடல்கள் தடையற்ற சான்றுகளாகத் தோன்றும். ஆயினும் அவை வேறு வகையான சல்லடைகளைக் கடந்தே நம்மை வந்தடைந்துள்ளன.

இல்லத்தின் வழி

வீட்டார் பேணிவைத்த மடல்களே எண்ணிக்கையில் மிகுதி. பிற்காலத்தில் அவை வரலாற்றுக் கழகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கப்பட்டன. பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள படைத்துறைக் காப்பகமும், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1930இல் நிறுவப்பட்ட தென்னக வரலாற்றுத் தொகுப்பும் இவ்வகையில் சிறந்தவை.

பெல் வைலி 1943இலும் 1952இலும் வெளியிட்ட நூல்களில் இருதரப்பு எளிய வீரர்களின் அன்றாட வாழ்வை இத்தகைய மடல்களைக் கொண்டு வரைந்தார். ஜேம்ஸ் மெக்பெர்சன் 1,076 வீரர்களின் 25,000க்கும் மேற்பட்ட மடல்களையும் 249 நாட்குறிப்புகளையும் ஆராய்ந்து, 1997இல் தம் நூலை வெளியிட்டார். அவர் ஆராய்ந்த தென்னக வீரர்களுள் அடிமைமுறைக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தோர் ஐந்தில் ஒருவரே. இதைக் கொண்டு எஞ்சியோர் அதனை எதிர்த்தனர் எனக் கொள்வது பொருந்தாது. அடிமைமுறை அவர்களுக்கு ஐயத்திற்கிடமற்ற வாழ்வியல் உண்மையாக இருந்தமையால் அதனை விவாதிக்கும் தேவை எழவில்லை என அவரே விளக்குகின்றார். கறுப்பினத்தவர், எழுத்தறியாதோர், அயல்நாட்டில் பிறந்தோர் ஆகியோரின் குரல் தம் சான்றுகளில் குறைவு என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

அரசுக் கோப்பின் வழி

வடதரப்புப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைத் தென்மாநிலங்கள் பலவற்றின் சட்டங்கள் தடை செய்திருந்தன. மடலைப் பேணிவைக்க உரிமையுள்ள ஓர் இல்லமும் அவர்தம் குடும்பத்தாருக்கு வாய்க்கவில்லை. எனவே அவர்களது எழுத்து பெரிதும் அரசுக் கோப்புகளிலேயே எஞ்சியது.

மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவைச் சார்ந்த ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கு விண்ணப்ப மடல் ஒன்றை எழுதினார். வெள்ளையின வீரர் மாதம் 13 டாலர் பெற, கறுப்பின வீரருக்கு உடைக்கான 3 டாலர் பிடித்தம் போக 7 டாலரே கிடைத்தது. படைவீரனின் கடமையைச் செய்தோர்க்குப் படைவீரனின் ஊதியம் ஏன் இல்லை என்பதே அம்மடலின் வினா. 1864 ஜூன் மாதத்தில் காங்கிரஸ் சம ஊதியச் சட்டம் இயற்றியது. அடுத்த மாதமே குடிங், தென்னகத்தாரின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் உயிர்நீத்தார். அவர்தம் மடல் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

ஓய்வூதியக் கோப்புகளும் இத்தகையனவே. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வூதியம் கோரிய கைம்பெண்களும் தாய்மாரும், உறவை மெய்ப்பிக்க வீரரின் மடல்களையே சான்றாக அளித்தனர். அன்பின் அடையாளமாக வந்த தாள், வழக்கின் சான்றாகிக் கோப்பில் தங்கிவிட்டது.

எதிர்த்தரப்பின் வழி

மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்து படையில் சேர்ந்த ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் மருத்துவமனையிலிருந்து இரு மடல்கள் எழுதினார். ஒன்று, அடிமைத்தளையிலிருந்த தம் மகள்களுக்கு. மற்றொன்று, ஒரு மகளை உடைமையாகக் கொண்டிருந்த பெண்மணிக்கு. மகளை மீட்கப் படையுடன் வருவேன் என்பது இரண்டாம் மடலின் எச்சரிக்கை. அப்பெண்மணியின் உடன்பிறந்தவர் சினமுற்று, ரைஸை மாநிலத்தைவிட்டு அகற்றக் கோரி, அம்மடல்களைப் படைத்தலைவர் ரோஸ்கிரான்சுக்கு அனுப்பினார். ஒரு தந்தையின் குரலை ஒடுக்க முயன்றவரின் முறையீடே அக்குரலைக் காத்துத் தந்தது. மகள்கள் பேணியிருக்க வேண்டிய மடல், குற்றச்சாட்டின் இணைப்பாக நமக்குக் கிடைத்துள்ளது.

இதற்கு மாறாக இல்லத்திலேயே எஞ்சிய அரிய சான்றும் உண்டு. 1862இல் வட கரோலினாவிலிருந்து படகில் தப்பிக் கடற்படையில் சேர்ந்த வில்லியம் கூல்டு, போர் முடியும்வரை நாட்குறிப்பு எழுதினார். குடும்பத்தார் அதனை 1958இல் வீட்டுப் பரணில் கண்டெடுத்தனர். கொள்ளுப்பேரர் 2002இல் அதனைப் பதிப்பித்தார். விடுதலை பெற்றவர் தமக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொண்டமையாலேயே இந்நாட்குறிப்பு நிலைபெற்றது எனலாம்.

முடிவுரை

வீட்டார் பேணியவற்றை மட்டும் பயின்றால் இப்போர் இரு வெள்ளையினத் தரப்புகளின் வீரமும் துயருமாகவே தோன்றும். போருக்குப்பின் தென்னகத்தில் அடிமைமுறையைப் போரின் காரணமாக ஏற்க மறுத்து எழுந்த விளக்கங்களுக்கும் அது துணைபோகும். விண்ணப்பங்களையும் முறையீடுகளையும் உடன்வைத்துப் பயிலும்போதே, மகளை மீட்பதற்காகப் போரிட்டவனின் நியாயம் புலனாகின்றது. ஆதலின் ஒரு மடலை எழுதியவர் யார் என வினவும் ஆய்வாளர், அதனைப் பேணியவர் யார், எதற்காகப் பேணினார் என்பனவற்றையும் வினவுதல் இன்றியமையாததாகும்.