டயரும் காற்றும்: சிப்பாங் பந்தயத் தடத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலான் எல்லையை அடுத்து, நீலாய்ப் பட்டணத்துக்கு அண்மையில், செம்பனைத் தோட்டங்களிடையே அமைந்துள்ள சிப்பாங் பந்தயத் தடத்திலே 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்கள் ஓடின. அவற்றின் வேகத்துக்கு எஞ்சினின் சக்தியே காரணமென்று பொதுமக்கள் கருதுவதும், விஷயமறிந்தோருள் ஒரு சாரார் காற்றையும் மறுசாரார் டயரையும் பிரதானமாகக் கொண்டு தனித்தனியே வாதிப்பதும் வழக்கம். காற்று உண்டாக்கும் அழுத்தம் டயரின் வழியாகவே தரையைச் சேர்கின்றதாகையால், இவ்விரண்டையும் பிரித்து ஆராய்வது பொருந்தாது என்பதும், இறுதியில் எல்லை வகுப்பது ரப்பரே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். விமான இறக்கையைத் தலைகீழாக்கினாற் போன்ற முன்பின் இறக்கைகளும், காரின் அடிப்பாகத்தே விரைந்தோடும் காற்றும் வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன. அவ்வழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எடையைக் கூட்டாமலே பிடிப்பைக் கூட்டும் இந்த லாபத்துக்கு விலையாகக் காற்றின் எதிர்ப்பும் உடன் வளர்கின்றது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட சிப்பாங்கிலோ, நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டும் இறக்கையைத் தாழ்த்தச் சொல்ல, வேகமிகுந்த அகன்ற வளைவுகள் அதனை நிமிர்த்தச் சொல்வதால், நிபுணர்கள் ஒரு சமரசத்தையே தேட வேண்டியிருந்தது. 1999 அக்டோபரில் அங்கு நடந்த முதற்பந்தயத்தில் முதலிரு இடங்களை வென்ற ஃபெராரி கார்கள், பக்கத் தகடுகளில் கண்ட 10 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காகத் தகுதி நீக்கப்பட்டு, பின்பு மேல்முறையீட்டில் வெற்றியை மீளப் பெற்றன. காற்றை வழிநடத்தும் ஒரு சிறு தகட்டுக்கும் எத்துணை முக்கியத்துவம் உண்டென்பதற்கு அவ்வழக்கே சான்று.

எனினும், இவ்வழுத்தத்தைத் தாங்க வேண்டியது டயர். அதன்மீது பாரம் இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. குறைந்த விகிதத்திலேயே கூடுகின்றது. மேலும், நெளிந்து மீளும் ரப்பர் தன் சக்தியில் ஒரு பகுதியை உஷ்ணமாக இழக்கின்றது. தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அதற்குப் பிடிப்பைத் தருவதும் அவ்விழப்பே, அளவு மீறினால் மேற்பரப்பைக் கொப்புளிக்கச் செய்து டயரைக் கெடுப்பதும் அவ்விழப்பே. சிரம்பான், ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த பாலினின்று கிடைத்த இயற்கை ரப்பர், குறைவாகச் சூடேறும் இயல்பினது. ஆதலின் விமானம், லாரி முதலியவற்றின் டயர்களுக்கு அதுவே சிறந்தது. பிடிப்பையே நாடும் பந்தய டயரின் மேற்பரப்பிலோ செயற்கை ரப்பரே மிகுதி. உஷ்ணத்தை எங்கே தவிர்ப்பது, எங்கே வரவேற்பது என்னும் தீர்மானமே டயர் அமைப்பின் சாரம்.

எல்லை வகுப்பது ரப்பரே என்பதற்கு 2005ஆம் ஆண்டு தக்க பிரமாணம். அவ்வாண்டின் விதிகள் இறக்கைகளைக் கட்டுப்படுத்திக் காற்றழுத்தத்தைக் குறைத்ததோடு, பந்தயம் முழுவதையும் ஒரே டயர்த் தொகுதியுடன் ஓடி முடிக்கவும் கட்டளையிட்டன. ஃபார்முலா 1 களம் கண்ட முதல் இந்தியரான கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட ஜோர்டன் காரில் சிப்பாங்கில் 11ஆம் இடத்தில் முடித்தார். அதே சாரதி ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 4ஆம் இடமும் 5 புள்ளிகளும் பெற்றதற்கு டயரே காரணம். சரிவாக உயர்த்தப்பட்ட 13ஆம் வளைவில் முழுவேகத்தில் எழும் பாரத்தை மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா என்று தெரிந்தமையால், அவற்றைப் பூண்ட 14 கார்கள் அணிவகுப்புச் சுற்றோடு விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் பூண்ட 6 கார்களே ஓடின. காற்றியக்கத்தில் ஜோர்டனை விஞ்சிய கார்கள் பலவும் அன்று ஓடாமல் நின்றன.

1968இல் இறக்கைகள் வந்த பின்னரே வளைவுகளில் வேகம் பெருகிற்று என்று மறுப்போர் உண்டு. அது மெய்யே; ஆயினும் டயர்கள் அகன்று, 1971இல் வரியற்ற வழவழப்பு டயர்கள் களம் புகுந்திராவிடில் அவ்வழுத்தம் பெரும்பகுதி வீணாகியிருக்கும். வளைவு வேகத்தை அடக்க விரும்பிய நிர்வாகிகளும் 1998 முதல் 2008 வரை டயரில் வரிப்பள்ளங்களையே கட்டாயமாக்கினர்.

ஆதலின் காற்று தருவது சாத்தியம். டயர் தருவது நிறைவேற்றம். பால்மரங்கள் அருகிச் செம்பனை நிறைந்த இந்நாளில், ரப்பரைத் தம் கைகளால் உலகுக்கு அளித்த சமூகத்தின் பிள்ளைகள் அதன் விஞ்ஞானத்தையும் தாய்மொழியிலேயே பயிலுமாறு, நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இவ்விஷயத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்.