நரையும் திரையும்: முன்னோர் சொன்ன மருந்து

திரை என்றால் கடலலை. முகத்தில் விழும் சுருக்கமும் திரைதான். "நரை, திரை, மூப்பு" என்று அடுக்கிச் சொல்வது தமிழ் வழக்கு.

விஜயபுரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்துப் பிழைப்பவன் அடியேன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சமணக் குடும்பம். 1960-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர் எல்லைக்கு இப்பால் நின்றுவிட்டது. ஆகவே, "அண்ணே, முகச் சுருக்கம் போக ஏதாச்சும் பொடி இருக்கா?" என்று தமிழில் ஒருவர் கேட்பார்; அடுத்தவர் "முடதலு" என்று தெலுங்கில் கேட்பார். கேள்வி ஒன்றுதான். இதற்கு முன்னோர் என்ன விடை வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

புறநானூற்றின் 191-ஆம் பாட்டு பிசிராந்தையாருடையது. ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்களாம். அவர் எந்த மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் என்று காரணம் அடுக்கினார். கவலை இல்லாத வாழ்வே மருந்து என்பது கருத்து. அப்படிச் சொன்னவர்தான் பின்பு கோப்பெருஞ்சோழன் நட்புக்காக வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் சமணர். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த சூரணம் ஏலாதி. கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்து வேர்கள் சிறுபஞ்சமூலம். இவையெல்லாம் என் கடைச் சரக்குகள்! ஆனால் நூலைத் திறந்தால் உள்ளே இருப்பது அறம். சமண முனிவர் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரோ, "இளமை நிலையாமை" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்ராதித்யர் வடமொழியில் செய்த கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூல் ஊன், மது, தேன் மூன்றையும் விலக்கியது. பிற உயிரை வருத்தி நம் உடம்பைப் பேணலாகாது என்பது அதன் கொள்கை.

இது பழங்கதை இல்லை. முகப்பூச்சுக்குக் கேட்கிறார்களே ரத்த சந்தனம், அந்தச் செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலம் முதலான நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான். வெட்டிக் கடத்தும் கட்டைகள் பெரும்பாலும் கடல் கடந்து மரச்சாமான்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் போகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அதன் பிறகு அந்தப் பொடியை நான் கடையில் வைப்பதில்லை.

இனி என் பிழையையும் சொல்லியாக வேண்டும். பல வருஷத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் என் தங்கை பொடி கேட்டு வந்தாள். "எலுமிச்சம்பழச் சாத்துல குழைச்சுப் பூசிக்கம்மா" என்றேன். அவள் பூசிக்கொண்டு மாடி வெயிலில் வற்றல் காயப்போட்டாள். மறுநாள் கன்னத்தில் எரிச்சல், அப்புறம் கொப்புளம், கடைசியில் கறுப்புத் தழும்பு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துபோகும் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. கல்யாணப் போட்டோவில் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

சுருக்கத்துக்குப் பெரிய காரணம் வெயில்தான். அடுத்தது புகைப்பழக்கம். தோலைத் தாங்கும் கொலாஜன் என்னும் நாரை இவை இரண்டும் சிதைக்கின்றன. தினமும் வெயில் தடுப்புக் களிம்பு பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2013-இல் காட்டியது. ஆகவே இப்போது கடையில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடை பிடியுங்கள், முந்தானையைத் தலைக்குப் போடுங்கள், பீடியை விடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். விழுந்துவிட்ட திரையை அழிக்கும் பொடி என்னிடம் இல்லை. வியாபாரம் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது, பரவாயில்லை.

தங்கைக்கு இப்போது தழும்பு மங்கிவிட்டது. திரை நிறைய விழுந்துவிட்டது. "அதெல்லாம் வயசுண்ணே, விடு" என்கிறாள். பிசிராந்தையாரின் பட்டியலில் அவளைப் போன்ற ஒரு தங்கையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அடியேன் துணிபு.