பங்களா முற்றமும் லயத்து வாசலும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிற்றூர் லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இத்தகைய மலைத் தோட்டங்களிலே மேட்டில் துரையின் பங்களாவும், சரிவில் தொழிலாளரின் லயங்களும் அமைந்திருத்தல் வழக்கம். தலைமுறை தலைமுறையாக மனிதர் நடமாடிய இவ்விரு வாசல்களின் மண்ணிலும் கைதவறி விழுந்த காசு, சட்டைப் பொத்தான், பூட்டு, திறவுகோல் போன்றவை புதைந்து கிடத்தல் இயல்பேயாகும்.

மண்ணைத் தோண்டாமலே இப்பொருள்களின் இருப்பை அறிவிக்கும் கருவி ஒன்று உண்டு. அதுவே உலோகங் காட்டுங் கருவி. அதன் சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகின்றது. அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால், அவ்வுலோகத்தினுள்ளும் மின்னோட்டம் தோன்றும். அதன் விளைவைக் கருவி ஒலியாக மாற்றித் தரும். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேடுவதற்கு, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றைப் பயன்படுத்தினார், அம்முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலே அது கண்ணிவெடி தேடும் கருவியாக வளர்ந்தது. இலங்கையின் வடபுலத்திலும் கண்ணிவெடி அகற்றுவோர் கையில் அது பல உயிர்களைக் காத்துள்ளது.

ஊவா மண்ணிலே அக்கருவி எதைக் கண்டு ஒலிக்கக்கூடும்? தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்ட பயிர் கோப்பி. அதனை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியிலேயாம். கோப்பிக் காலத்திலே சில்லறைக் காசு அரிதாயிருந்தமையால், வணிக நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வழங்கின. 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதங்களிலே ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலையும், மறுபுறம் பனை மரமும் விளங்கும். இவையெல்லாம் அக்கால வாழ்வின் சாட்சிகளாகும்.

ஆயினும், சாட்சி எங்கே கிடந்தது என்பது தெரியாவிடில் அதன் சொல்லுக்கு வலிமையில்லை. ஒரு காசு பங்களாச் சமையற்கட்டின் பின்புறம் கிடந்ததா, லயத்து வாசலிற் கிடந்ததா, எந்த மண்ணடுக்கில், எந்த உடைந்த ஓட்டுடன் கிடந்தது என்பவற்றால் அதன் பொருள் மாறும். இரவில் வந்து தோண்டிச் செல்பவன் காசை மாத்திரம் எடுக்கின்றான். வரலாற்றை மண்ணோடு கலைத்துவிடுகின்றான். இதனை உணர்ந்த இங்கிலாந்திலே, கண்டெடுத்த பொருளை இடங்குறித்துப் பதிவுசெய்யும் திட்டம் 1997இல் தொடங்கிற்று. இலங்கையிலோ, 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி உரிமப்பத்திரமின்றி அகழ்வது குற்றம். மண்ணுள் மறைந்துள்ள தொல்பொருள் அரசின் உடைமை.

இங்கேதான் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தியொன்று உண்டு. அச்சட்டம் தொல்பொருளை வரையறுத்தபோது 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையோ அதன் பின்னரே மலையேறிற்று. எனவே தென்னிந்தியாவிலிருந்து வந்து காடழித்துத் தோட்டமமைத்த மக்களின் கைப்பொருள்கள் அனைத்தும் அந்த எல்லைக்கு வெளியே நின்றன.

அப்பொருள்களிலே தலையாயது தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஒவ்வொருவருக்கும் இவ்வில்லை தரப்பட்டது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் அடையாளங்கள் அதிற் குத்தப்பட்டிருந்தன. அதனைக் காட்டினால் வழிச்செலவின்றித் தோட்டம் வரை கொண்டுவந்து சேர்ப்பர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வந்தவரின் பெயரை அது சொல்லாது. எண்ணை மாத்திரமே சொல்லும்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. பலரிடம் சான்றுப் பத்திரம் இல்லை. பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். அவர்களுள் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பத்திரமில்லாத மக்களுக்கு, பாட்டன் அணிந்து வந்த ஒரு தகர வில்லையும் எளிய பொருளன்று.

இயற்கையும் அவர்க்குத் துணைநிற்கவில்லை. தேயிலை விரும்புவது புளிப்பு மண். பங்களாவின் வெள்ளிக் கரண்டியும் பித்தளைக் கைப்பிடியும் அம்மண்ணில் நெடுங்காலம் தாங்கும். மெல்லிய தகரமோ துருவேறி மக்கும். ஆதலால் கருவி மாத்திரம் வரலாற்றை எழுதுமாயின், துரையின் வாழ்வு நிறைந்தும் தொழிலாளியின் வாழ்வு குறைந்துமே தோன்றும்.

இக்குறையை நிரப்ப வல்லவை பெட்டியடியிற் பேணப்பட்ட பொருள்களும் முதியோரின் நினைவுகளுமே. கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலேயே 2007இல் அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகம் இவ்வழியைக் காட்டியுள்ளது. லுணுகலைத் தோட்டங்களிலும் பழைய வில்லையோ, செக்ரோல் ஏடோ, கவ்வாத்துக் கத்தியோ கைக்கு வருமாயின், பழைய இரும்பு வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுக்குமுன் அது யாருடையது, எந்த லயத்தில் இருந்தது என்று வீட்டு முதியவரைக் கேட்டு எழுதிவைத்தல் நன்று. மண்ணுள் மக்கிப்போன பெயர்கள் அவர்தம் நாவில் இன்னும் உள்ளன.